பாறையே இல்லாத ஊர்ல இருந்து பாறை பாக்கப் போன கதை

பூட்ஸ்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஹைஸ்கூல் பசங்களைப் பாறை பாக்கக் கூட்டிட்டுப் போற ட்ரிப்புக்கு முதல் தடவையா நான் வாலண்டியரா சேந்தப்ப பசங்களுக்கு அனுப்பின லிஸ்ட்ல "கணுக்கால் மூடுற மாதிரி ஹைக்கிங் பூட்ஸ்"னு ஒரு வரி இருந்துச்சு. எழுதினது நான்தான், எழுதும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. லிஸ்ட் போய் நாலாவது நாள் ரெண்டு பேர் வரலன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் சம்மர்ல வேலை கிடைச்சிருச்சுன்னான், இன்னொருத்தி வீட்ல விடலன்னா. அப்புறம் அவங்க டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது, 120 டாலர் பூட்ஸ் வேணும்னு வீட்ல போய் வாயைத் திறக்க முடியல, அவ்ளோதான் விஷயம். நாங்க என்னடான்னா ட்ரிப் இலவசம் சாப்பாடு இலவசம் வேன் இலவசம்னு பெருமையா போஸ்டர் ஒட்டிட்டு உக்காந்திருந்தோம்.

நான் ஹூஸ்டன்ல நிலத்தடி நீர் சம்பந்தமான வேலை பாக்குறேன், படிச்சது ஜியாலஜி. வருஷா வருஷம் ஜூன்ல ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு ஒரு சின்ன ப்ரோக்ராம் கூட போறேன், ஹைஸ்கூல் பசங்களை ஃபீல்டுக்குக் கூட்டிட்டுப் போய் பாறை, மண்ணு, ஆறு எல்லாம் காட்டுறது. வர்றவங்க பெரும்பாலும் கறுப்பினப் பசங்க, மெக்சிக்கோ, ஹோண்டுராஸ் பக்கத்துல இருந்து வந்த குடும்பத்துப் பசங்க. ப்ரோக்ராம் பேரு இங்க வேண்டாம், நல்லதும் கெட்டதும் கலந்து எழுதப்போறேன்.

முதல்ல ஏன் இதெல்லாம்னு கேக்குறவங்களுக்கு. அமெரிக்காவுல இந்தத் துறை எவ்ளோ வெள்ளைன்னு வெளிய இருக்குறவங்களுக்குத் தெரியாது. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை 40 வருஷத்துக்கும் மேல டேட்டா எடுத்துப் பாத்துட்டு இந்த விஷயத்துல முன்னேற்றமே இல்லன்னு கைய விரிச்சிருச்சு. 2016ல இங்கத்த குடிமக்களும் கிரீன் கார்டு காரங்களும் வாங்கின புவி அறிவியல் பிஎச்டில கறுப்பினம், லத்தீனோ, பூர்வகுடி எல்லாரையும் கூட்டினாலும் 6 சதவீதம்தான், ஜனத்தொகைல பாத்தா அவங்க 31 சதவீதம். (ஆசியக்காரங்க இந்தக் கணக்குல வரமாட்டாங்க, அதனால நான் இந்த 6ல இல்ல. ஆனா ஒரு கான்ஃபரன்ஸ்ல ஒருத்தர் என்கிட்ட காபி எங்க இருக்குன்னு கேட்டார், நான் ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்க வந்தவ. அது வேற கதை.)

பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாத்துலயும் இந்தப் பிரச்சனை உண்டு, ஆனா ஜியாலஜி அதுலயும் மோசம், அதுக்கு ஃபீல்டே ஒரு காரணம். மத்த சப்ஜெக்டுக்கு லேப் கட்டிடத்துக்குள்ள இருக்கும், இதுக்கு லேப் மலையில இருக்கு. மலைக்குப் போக கூடாரம் வேணும், பூட்ஸ் வேணும், லீவு வேணும், சின்ன வயசுல அப்பா கூட கேம்பிங் போன பழக்கம் இருந்தா இன்னும் நல்லது. டிகிரி முடிக்க நிறைய காலேஜ்ல ஃபீல்டு கேம்ப் கட்டாயம், நாலு ஆறு வாரம், செலவு பல ஆயிரம் டாலர், அந்த ஆறு வாரமும் சம்பளம் கிடையாது. சம்மர்ல வேலை பாத்துதான் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டணும்னு இருக்குற பொண்ணுக்கு அது ரெட்டைச் செலவு.

அப்புறம் இன்னொன்னு, இதை நான் இங்க வந்து ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சிக்கிட்டேன். இந்த ஊர்ல காடு மலைன்னாலே எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தோஷம் வராது. விர்ஜீனியாவுல ஷெனண்டோவா நேஷனல் பார்க்ல 1939ல கறுப்பினத்தவருக்குன்னே தனியா லூயிஸ் மவுண்டன்னு ஒரு இடத்தை ஒதுக்கி வச்சாங்க, அந்த இனப் பிரிவினை முழுசா ஒழிய 1950 ஆச்சு. எந்த ஊர்ல ராத்திரி தங்கலாம், எந்த ஊர்ல தங்கினா உயிருக்கு ஆபத்துன்னு பாத்து பாத்து வண்டி ஓட்டின தலைமுறை இன்னும் உயிரோட இருக்கு, அவங்கதான் இந்தப் பசங்களோட பாட்டி தாத்தா. பாட்டி "அந்தப் பக்கமெல்லாம் எதுக்கு போற"ன்னு கேட்டா அதுக்குப் பின்னாடி காரணம் இருக்கு, பயந்தாங்கொள்ளித்தனம்னு நினைக்கக்கூடாது.

சரி, ஹூஸ்டனுக்கு வர்றேன். வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது, ஹூஸ்டன்ல பாறையே கிடையாது. நிஜமாவே கிடையாது. ஊரே களிமண்ணும் மணலும் படிஞ்ச சமவெளி, கெட்டிப் பாறை வேணும்னா கீழ பல கிலோமீட்டர் தோண்டணும். எங்க பசங்கள்ல பாதிப்பேர் பார்க்கிங் லாட் ஓரத்துல அழகுக்குக் கொட்டி வச்ச கல்லைத் தவிர வேற கல்லே பாத்ததில்ல, அதுவும் லாரில வந்த கல்லு. அதனால முதல் நாள் எப்பவும் என்சான்டட் ராக்தான். ஆஸ்டினுக்கு மேற்க, ஃபிரெடரிக்ஸ்பர்க் தாண்டி, இளஞ்சிவப்பு கிரானைட், மொட்டைத் தலை மாதிரி தரைல இருந்து 130 மீட்டர் எழும்பி நிக்கும், வயசு 100 கோடி வருஷத்துக்கு மேல. வெங்காயம் உரியிற மாதிரி தகடு தகடா உரிஞ்சு கிடக்கும். ஜூன்ல காலைல எட்டு மணிக்குள்ள ஏறிடணும், பத்து மணிக்கு மேல தோசைக்கல்லு.

மேல ஏறினதும் ஒரு பையன், அதுவரைக்கும் ஹெட்ஃபோனைக் கழட்டாதவன், குனிஞ்சு பாறைல உள்ளங்கைய வச்சு "மிஸ், இதுதான் அடியா?"ன்னு கேட்டான் (ஹூஸ்டன் பசங்க பேரைச் சொல்லமாட்டாங்க, பொம்பளைன்னா மிஸ், ஆம்பளைன்னா மிஸ்டர்). எனக்கு முதல்ல புரியல. அவன் கேட்டது, எல்லாத்துக்கும் அடியில இருக்குற தரை இதுதானான்னு. ஆமாண்டா, கிட்டத்தட்ட அதேதான், இது பூமிக்குள்ள கிலோமீட்டர் கணக்கான ஆழத்துல உருகின குழம்பா இருந்து மெதுவா ஆறிப்போனது, மேல இருந்ததெல்லாம் அரிச்சுப் போனதாலதான் இப்ப உன் கைக்கு எட்டுதுன்னு சொன்னேன். அப்ப அரிச்சுப் போனது எங்க போச்சுன்னான். ஆறு அடிச்சுட்டுப் போச்சு, கடல் பக்கமா கொண்டு போய் கொட்டுச்சு, நம்ம ஊரெல்லாம் இந்த மாதிரி உடைஞ்சு வந்த மண்ணு மேலதான் உக்காந்திருக்குன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல, கீழ இறங்கும்போது ஹெட்ஃபோன் கழுத்துல இருந்துச்சு. இந்த மாதிரி ஒரு கேள்விய க்ளாஸ்ரூம்ல 40 ஸ்லைடு போட்டாலும் வாங்க முடியாது. ஆசிட் பாட்டிலும் அப்படித்தான், சுண்ணாம்புக்கல்லு மேல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டா நுரைக்கும்ல, அதைப் பாத்துட்டு ஒருத்தி கண்ட கல்லு மேலயும் விட்டுக்கிட்டே போனா, வேன் டயர் மேலயும் விட்டா, நுரைக்கல.

இவ்ளோ நல்லா இருந்தா அப்புறம் என்ன பிரச்சனைன்னு தோணும். ரெண்டாவது வருஷம் நடந்ததைச் சொல்றேன். டெக்சாஸ்ல நிலம் 95 சதவீதம் தனியாருது, அதனால ஜியாலஜிஸ்ட்டுங்களுக்குப் பெரும்பாலும் ரோடு போட மலைய வெட்டின இடம்தான் கதி, ரோட்டோரமா வேனை நிறுத்திட்டு அடுக்கு அடுக்கா தெரியுற பாறையப் பாக்குறது. நாங்களும் அப்படித்தான் நின்னோம், பன்னெண்டு பசங்க, கைல சுத்தியல். ஒரு பிக்கப் ட்ரக் வந்து நின்னுச்சு, கண்ணாடிய இறக்கி ஒரு ஆளு இங்க என்ன பண்றீங்கன்னு கேட்டார். கோபமாகூட கேக்கல, சாதாரணமாத்தான் கேட்டார். நான் பதில் சொல்லத் திரும்புறதுக்குள்ள எங்க கூட இருந்த ஒரு கறுப்பினப் பையன் சுத்தியலைத் தரைல மெதுவா வச்சுட்டு ரெண்டு கையயும் உடம்புல இருந்து தள்ளி விரிச்சு வச்சுக்கிட்டு அசையாம நின்னான். பதினஞ்சு வயசு. யாரும் அவனை அப்படி நிக்கச் சொல்லல, யாராவது நிறுத்திக் கேட்டா கைல ஒண்ணும் இல்லன்னு தெரியுற மாதிரி நிக்கணும்னு வீட்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க. அந்த ஆளு சரி சரின்னுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க அந்தப் பையன் நோட்புக்ல ஒரு வரி எழுதல.

எங்க ஜியாலஜி ட்ரெய்னிங்ல பாம்பு கடிச்சா என்ன பண்றது, மின்னல் அடிச்சா எங்க ஒதுங்குறதுன்னு எல்லாம் இருக்கும், இது இருக்காது. அந்த வருஷத்துல இருந்து எல்லாருக்கும் பளிச்னு ஆரஞ்சு வெஸ்ட், வேன் ரெண்டு பக்கமும் பெருசா "மாணவர் களப்பயணம்"னு போர்டு, போற கவுன்ட்டி ஷெரிஃப் ஆபீஸுக்கு (உள்ளூர் போலீஸ்) முன்னாடியே போன், நில உரிமையாளர் கிட்ட எழுத்துல அனுமதி, பசங்க யாரும் தனியா நிக்கக்கூடாதுன்னு ரூல். யாராவது வண்டியை நிறுத்தினா பேச வேண்டியது பெரியவங்க வேலை, பசங்க வேலை இல்ல. சுலபமான விஷயங்கதான், செலவும் பெருசா இல்ல, ஆனா நமக்கு நடந்தாத்தான் புத்தி வருது.

அதே மாதிரி பிக் பெண்ட், மெக்சிக்கோ எல்லைய ஒட்டின நேஷனல் பார்க். ஜியாலஜிக்கு அதைவிட நல்ல இடம் டெக்சாஸ்ல கிடையாது, எரிமலைப் பாறை, கடல் படிவு, ரியோ கிராண்டே அறுத்துக்கிட்டு ஓடுற சான்டா எலேனா பள்ளத்தாக்கு எல்லாம் ஒரே பார்க்ல. பிளான் போட்டதும் நல்லா படிக்கிற ஒரு பொண்ணு வரமாட்டேன்னுட்டா, காரணம் கேட்டா சும்மா சிரிச்சா. எனக்கு ஒரு வாரம் கழிச்சுத்தான் மண்டைல ஏறுச்சு, பார்க்ல இருந்து வடக்க திரும்பி வர்ற ரோட்டுல எல்லைக் காவல் போலீஸோட (பார்டர் பேட்ரோல்) செக்போஸ்ட் இருக்கு, ஒவ்வொரு வண்டியா நிறுத்தி நீ யாரு எந்த நாடுன்னு கேப்பாங்க. அவகிட்ட அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல, கேக்கவும் கூடாது. அந்த வருஷம் ட்ரிப்பை மாத்திட்டோம். சக வாலண்டியர் ஒருத்தர், நல்ல மனுஷன்தான், ஒரு ஆளுக்காக பிக் பெண்ட்டை விடுறதான்னு முணுமுணுத்தார். பாறை எங்கயும் ஓடிப்போகாது சார்னேன்.

பாத்ரூம் பத்தியும் சொல்லணும், பொண்ணுங்க யாருமே வெளிப்படையா கேக்கமாட்டாங்க. நான் படிக்கும்போது ஃபீல்டுக்குப் போனா காலைல இருந்து தண்ணியே குடிக்காம இருந்து தலைவலியோட திரும்பி வருவேன், அது ஏதோ தைரியம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப முதல் நாளே நான்தான் சத்தமா சொல்லிடுறேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டாய்லெட் இருக்குற இடத்துல நிறுத்தம், வேன்ல மறைப்புக் கூடாரம் இருக்கு, பேடு ஒரு பைல இருக்கு, யாரையும் கேக்க வேண்டாம், எடுத்துக்கலாம். பையன்களும் நிக்கும்போதே சொல்றேன். கொஞ்சம் நெளிவாங்க, நெளியட்டும்.

பெத்தவங்க கிட்ட பேசுறது தனி வேலை. எனக்கு அது பழக்கமான பேச்சுதான், நம்ம வீட்லயும் இதானே, டாக்டர் இல்லன்னா இன்ஜினியர், ஜியாலஜின்னா என்ன கல்லு பொறுக்குறதான்னு. ஒரு அம்மா, ஸ்பானிஷ் மட்டும்தான் பேசுவாங்க, பொண்ணுதான் நடுவுல உக்காந்து மொழிபெயர்க்குறா, அம்மா நிறைய பேசுறாங்க, பொண்ணு ஒரு வரில சொல்றா: "அம்மா சும்மா கேக்குறாங்க, இதுல வேலை கிடைக்குமான்னு." கிடைக்கும்னு சொன்னேன். ஜியோசயின்டிஸ்ட்டுங்களோட சராசரிச் சம்பளம் வருஷத்துக்கு 90 ஆயிரம் டாலருக்கு மேல, எண்ணெய்க் கம்பெனி மட்டும் இல்ல, தண்ணி, வெள்ளம், கட்டிட அஸ்திவாரம், மாசு அகத்துறதுன்னு நிறைய இருக்குன்னு. எண்ணெய் வேலை ஏறும் இறங்கும்னும் மறைக்காம சொன்னேன்.

அஸ்திவாரம்னதும் அதுவரைக்கும் பேசாம இருந்த அப்பா நிமிந்தார். அவருக்கு வேலையே அதுதான், வீட்டு அஸ்திவாரம் விரிசல் விட்டா தோண்டி முட்டுக் கொடுக்குற ரிப்பேர் க்ரூ. ஹூஸ்டன் களிமண்ணு ஈரத்துல உப்பும், கோடைல சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும், வீடெல்லாம் அதோட சேந்து ஏறி இறங்கும். எந்த ஏரியாவுல எந்தக் களிமண்ணு, எத்தனை அடி தோண்டினா நிறம் மாறும், மரம் எந்தப் பக்கம் இருந்தா வீடு எந்தப் பக்கம் சாயும்னு அந்த மனுஷன் அரை மணி நேரம் சொன்னார், பொண்ணு மொழிபெயர்த்து களைச்சுப் போயிட்டா. நான் ஆபீஸ்ல சாஃப்ட்வேர்ல பாக்குறதை அவர் மண்வெட்டில பாத்து வச்சிருக்கார். அந்தப் பொண்ணு அதுக்கு முன்னாடி அப்பா என்ன வேலைன்னு கேட்டா "கன்ஸ்ட்ரக்‌ஷன்"னு முடிச்சுக்குவா.

அன்னைக்கு ராத்திரிதான் நாங்க பிளான் போடுற விதமே கோணல்னு தோணுச்சு. பெரிய இடமா பாத்துக் கூட்டிட்டுப் போறோம், கிராண்ட் கேன்யன் அங்க இங்கன்னு. போகவேண்டாம்னு சொல்லல. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புல ட்ரெயில் ஆஃப் டைம்னு ஒரு நடைபாதை இருக்கு, ஒரு மீட்டர் நடந்தா 10 லட்சம் வருஷம், அங்க ஒருத்தி போன்ல கணக்குப் போட்டு, பாட்டிக்கு 70 வயசு, அப்ப பாட்டியோட மொத்த வாழ்க்கையும் இதுல 0.07 மில்லிமீட்டர், ஒரு முடி தடிமன்னு சொல்லிட்டு தலைல இருந்து ஒரு முடிய பிடுங்கி பாதைல வச்சுக் காட்டினா. அதெல்லாம் வேணும். ஆனா அதை மட்டும் காட்டினா பசங்க மனசுல ஜியாலஜிங்கிறது எங்கயோ ஆயிரம் மைல் தள்ளி நடக்குற விஷயமா பதிஞ்சிரும், போட்டோ எடுத்துக்குவாங்க, ஊருக்கு வந்து நர்சிங்ல சேந்துருவாங்க. (நர்சிங் நல்ல படிப்புதான், சண்டைக்கு வராதீங்க.)

1942ல அமெரிக்காவுல ஜியாலஜில பிஎச்டி வாங்கின முதல் கறுப்பினத்தவர் ஒரு பெண், மார்கரீட் தாமஸ் வில்லியம்ஸ். அவங்க ஆராய்ச்சி பண்ணினது வாஷிங்டன்ல அவங்க ஊருக்குள்ள ஓடுற அனகோஸ்டியா ஆத்துப்படுகைல மண்ணரிப்பு. நாப்பது வயசைத் தாண்டி, ஆசிரியை வேலை பாத்துக்கிட்டே படிச்சவங்க. காடு வெட்டினது, விவசாயம், ஊரு பெருகினது எல்லாம் மண்ணை எப்படி அரிக்குதுன்னு அப்பவே எழுதியிருக்காங்க. பசங்களுக்கு இவங்களைப் பத்திச் சொல்லும்போது கூடவே மேப்பை விரிச்சு ஆறு எங்க, அவங்க பாடம் எடுத்த ஊர் எங்கன்னு காட்டுவேன்.

அதனால இப்ப ரெண்டு பெரிய ட்ரிப்புக்கு நடுவுல சனிக்கிழமை சனிக்கிழமையா உள்ளூர் போறோம், குடும்பத்தோட வரலாம். முதல்ல போனது பேடவுன், ஹூஸ்டனுக்குக் கிழக்க இருக்குற ஊர். அங்க பிரவுன்வுட்னு ஒரு குடியிருப்பு இருந்துச்சு, எண்ணெய்க் கம்பெனி அதிகாரிங்க வீடு கட்டின வசதியான ஏரியா. ஃபேக்டரிங்களுக்கும் ஊருக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி எடுத்ததுல களிமண் அடுக்குங்க நசுங்கி நிலம் கிட்டத்தட்ட மூணு மீட்டர் கீழ இறங்கிருச்சு, கடல் தண்ணி வீட்டு வாசலுக்கு வந்துச்சு, 1983ல அலிசியா புயல் வந்து மிச்சத்தை முடிச்சு வச்சுது. இப்ப அது பறவை பாக்குற பார்க், பழைய தெரு அப்படியே போய் தண்ணிக்குள்ள இறங்குது. ஹூஸ்டன்ல ஃபிஃப்த் வார்டுங்கிற ஏரியால இருந்து வந்த ஒரு பொண்ணு அங்க நின்னு, அப்ப தண்ணி மண்ணுக்குள்ள நகரும்போது அதுல இருக்குறதும் சேந்து நகருமான்னு கேட்டா. அவ ஏரியாவுல ரயில் கட்டை உளுத்துப் போகாம இருக்க கிரியோசோட்ங்கிற தார் மாதிரி எண்ணெய் தடவின பழைய யார்டு ஒண்ணு இருக்கு, அந்த அழுக்கு நிலத்தடி நீர்ல கலந்திருக்கு, அந்தப் பகுதில புற்றுநோய் எதிர்பார்க்குறதைவிட அதிகம்னு மாநில சுகாதாரத் துறையே 2019ல சொன்னது. அன்னைக்கு பேடவுன் பாடத்தை அப்படியே விட்டுட்டு மணல்ல தண்ணி எப்படி ஓடும் களிமண்ணுல எப்படி ஓடும்னு ரெண்டு பாட்டில வெட்டி வச்சு ஒரு மணி நேரம் போச்சு. அஸ்திவாரம் அப்பாவும் வந்திருந்தார், ஈர மண்ணை விரல்ல உருட்டி ரிப்பன் மாதிரி நீட்டி இது எவ்ளோ களின்னு பாக்குற டெஸ்ட்டை பசங்களுக்குக் காட்டினார். எங்க வாலண்டியர் ரெண்டு பேரு ரிப்பன் பாதிலயே பிஞ்சு விழுந்துச்சு, அவரோடது விழல.

தொடர்ச்சி முக்கியம்னும் இப்ப நல்லா தெரியுது. இங்க 2005ல இருந்து டெக்சாஸ் யுனிவர்சிட்டி ஜாக்சன் ஸ்கூல் நடத்துற ஜியோஃபோர்ஸ் இருக்கு, தென்மேற்கு டெக்சாஸ், ஹூஸ்டன் பக்கத்து ஸ்கூல் பசங்களை வருஷா வருஷம் சம்மர்ல திரும்பத் திரும்ப கூட்டிட்டுப் போறாங்க, அதே கூட்டம் ஹைஸ்கூல் முடியுற வரைக்கும். நாங்க அந்த அளவுக்கு இல்ல, எங்க பட்ஜெட் ரெண்டு வேன்தான், ஆனாலும் ஒரே நாள் கூட்டிட்டுப் போய் பேனர் பிடிச்சு போட்டோ எடுத்துட்டு விடுறதுல எனக்கு நம்பிக்கை போயிருச்சு. பணம் வேற இறுகிப் போச்சு. 2024 ஜனவரில இருந்து டெக்சாஸ் அரசு யுனிவர்சிட்டிங்கள்ல டைவர்சிட்டி ஆபீஸ் (எல்லா இனத்தவரும் வர வழி பண்ற ஆபீஸ்) வைக்கக்கூடாதுன்னு சட்டம், 2025ல தேசிய அறிவியல் அறக்கட்டளை இந்த மாதிரி நூத்துக்கணக்கான கிராண்ட்டுகளை ரத்து பண்ணுச்சு. எங்களுக்கு வந்துக்கிட்டிருந்த ஒரு உதவியும் நின்னுச்சு. இப்ப இனத்தைப் பாக்காம ஸ்கூலை வச்சு, அங்க படிக்கிற எல்லாருக்கும் திறந்துவிட்டாச்சு, வர்ற பசங்க அதே பசங்கதான். பூட்ஸ் மட்டும் நாங்களே வாங்கி வச்சிருக்கோம், பழசு, சைஸ் வாரியா என் கராஜ்ல அலமாரி முழுக்க. ட்ரிப் முடிஞ்சு ஒரு வாரம் வரைக்கும் நாறும்.

ரெண்டு வாரம் முன்னாடி அஸ்திவாரக்காரர் பொண்ணு ஒரு போட்டோ அனுப்பினா. ரோடு ஒரு இடத்துல மேடா எழும்பி பக்கத்துல இருக்குற நடைபாதையும் வெடிச்சிருக்கு. ஹூஸ்டனைச் சுத்தி மெதுவா நகர்ற ஃபால்ட் (ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நகர்ற நில வெடிப்பு) முந்நூறுக்கு மேல இருக்கு, நிலநடுக்கம் எல்லாம் வராது, ஆனா ரோடும் வீடும் உடையும். "மிஸ், இது ஃபால்ட்டா, இல்ல ரோடே மோசமா?" ஆபீஸ் முடிஞ்சு போய் பாத்தேன். பக்கத்துல பெரிய ஓக் மரம், வேர் தூக்கி விட்டிருக்கு, அவ்ளோதான். ஃபால்ட் இல்லடின்னு போன் பண்ணிச் சொன்னா, எப்படி அவ்ளோ உறுதியா சொல்றீங்க, தெரு அடுத்த பக்கம் பாத்தீங்களா, அங்கயும் அதே நேர்க்கோட்டுல ஒரு மேடு இருக்குன்னா. நான் அடுத்த பக்கம் பாக்கல. இந்த சனிக்கிழமை லைடார் மேப் (லேசர் வச்சு தரையோட மேடு பள்ளத்தை அளந்து போட்டது) எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போறோம், அவங்க அப்பாவும் வர்றேன்னிருக்கார், மண்வெட்டியோட.